இருபத்திரண்டாவது நிமிடம்

பழைய வெலோரா இடது மணிக்கட்டில்.
புதிய வெலோரா வலது மணிக்கட்டில்.
காலை ஏழு ஐம்பது, கோட்டையூர் நிறுத்தம்,
கத்திரி தொடங்கி மூன்றாம் நாள்.
நோட்டில் எழுதிக்கொண்டேன்:
தலா இரண்டு அழுத்தல். பவுடர் இல்லை. தலையில் பூ இல்லை.

பழையது தொண்ணூற்றெட்டில்
நாச்சம்மை சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது.
காசு வேண்டாம் என்றாள், பிறகு வாங்கிக்கொண்டாள்.
அடியில் ஒரு விரற்கடை மிச்சம்.
புதியது போன வியாழன் கூரியரில்.
மூடி அதே மூடி. கழுத்தில் அதே தங்கக் கோடு.
பெட்டியின் முதுகில் மட்டும்
பொடி எழுத்துப் பட்டியல் நான்கு வரி நீண்டிருக்கிறது.

பஸ்ஸில் வலது கைதான் முதலில் பேசியது.
ஆரஞ்சுத் தோலைக் கண்ணருகே பிதுக்கியது போல
ஒரே சிரிப்பு, சத்தம்.
இடது கை புளித்த வாயோடு எழுந்தது:
நகப்பூச்சு, திறக்காத பீரோ,
டிஞ்சர் நனைத்த பஞ்சு.
ஐந்து விளக்கு தாண்டும் வரை
பழையது தோற்றுவிட்டது என்றே நினைத்தேன்.
கல்லூரிச் சாலை திரும்பும்போது
அடியிலிருந்து ஒன்று ஏறி வந்தது.
மழை விட்டபின் மரத்தின் ஈரப்பக்கம் தொட்டால்
விரலில் ஒட்டுமே, அந்தப் பச்சை இருட்டு.
வலது கையில் அதைத் தேடினேன்.
அங்கே நல்ல சோப்பு ஒன்று இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை. ஆய்வுக்கூடத்தில் கருவி சும்மா கிடந்தது.
தேவகோட்டை ஜெஸிந்தா, மூன்றாம் வருட ஆய்வு மாணவி,
"பதிவேட்டுல என்னன்னு மேடம் எழுத?" என்றாள்.
கரைப்பான், இரண்டு மாதிரி என்றேன்.
முக்கால்வாசி உண்மை.

வந்த இரண்டு தாளையும் ஜன்னல் கண்ணாடியில்
ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்தோம்.
வெயில் பின்னால் நின்று விளக்குக் காட்டியது.
இருபத்திரண்டாவது நிமிடம்:
பழையதில் ஒரு குன்று, குன்றக்குடியே வந்து நின்றது போல.
புதியதில் வற்றிய கண்மாய்.
"மரப்பாசி மேடம். சிலருக்குத் தோல் அரிக்குதுன்னு எடுத்திருப்பாங்க."
எனக்கு அரித்ததில்லை.
யாருக்கோ அரித்திருக்கிறது.
அந்த யாரோ மீது கோபப்படப் பார்த்தேன்,
முகம் கிடைக்கவில்லை.

பிறகு அவள் பென்சில் முனையால்
பழைய தாளில் ஏழெட்டுச் சிறு முட்களைக் காட்டினாள்.
இவை கம்பெனி போட்டவை அல்ல.
பாட்டிலுக்குள்ளேயே பிறந்தவை.
காற்றும் இருபத்தைந்து கோடையும் என் பீரோவும் பெற்றவை.
ஆக, பழையதும் பழையது இல்லை.

இன்னொன்றை அவளிடம் சொல்லவில்லை.
அந்தக் காய்ச்சலுக்குப் பின் நான்கு மாதம்
வாசம் என்பதே எனக்கு இல்லை.
காஸ் கசிந்தது
மாடி வீட்டு உண்ணாமலை கத்தித்தான் தெரிந்தது.
திரும்பி வந்தபோது காபி ரப்பராக வந்தது,
கொத்தமல்லி மண்ணெண்ணெயாக.
ஒவ்வொன்றாகச் சரியானது, அல்லது
சரியாகிவிட்டது என்று நான் ஒப்புக்கொண்டேன்.
என் மூக்கின் தொண்ணூற்றெட்டாம் வருடத் தாள்
எந்த ஜன்னலிலும் பிடித்துப் பார்க்க இல்லை.

மாலை நான்கு: வலது கை காலி.
இரவு பத்து: இடது கையில் இன்னும் இருந்தது.
பச்சை இருட்டு, கொஞ்சம் உப்பு, கொஞ்சம் தோல்.
இதுதான், இதேதான் என்று
பழையதற்கு நேரே டிக் போட்டுவிட்டு
படுப்பதற்காகக் கடிகாரத்தைக் கழற்றினேன்.

வாசம் கடிகாரத்தோடு போனது.

பதினோரு வருடத் தோல் வார்.
காலையில் கழற்ற மறந்திருக்கிறேன்.
மணிக்கட்டை மோந்து பார்த்தேன்:
பாத்திரம் துலக்கிய கை, அவ்வளவுதான்.
டிக்கின் மேல் ஒரு கோடு கிழித்தேன்.
நாளை கை மாற்றிப் போட வேண்டும்,
கடிகாரம் மேஜையில் இருக்க வேண்டும் என்று எழுதி
தேதியும் போட்டேன்.

விளக்கை அணைத்தபின் எழுந்து போய்
மேஜையைத் தடவி எடுத்தேன்.
வாரின் இரண்டாவது துளைக்குப் பக்கத்தில்தான்
அதிகம் இருக்கிறது.